ஸ்கோர் பட்டியலுக்கு நான்கு வரி இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2028-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் நகரில் நடக்கவிருக்கும் ஒலிம்பிக் போட்டிகளில் கிரிக்கெட்டும் பேஸ்பாலும் சேர்ந்தே இடம்பெறுவதை ஒட்டி, தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் அண்மையில் ஒரு கட்டுரை வெளியாகியிருந்தது. பேஸ்பால் அமெரிக்கர்களின் கிரிக்கெட் என்றும், பணமும் விளம்பரமும் ஊதிப் பெருக்கிய கேளிக்கை என்றும் அதில் இரண்டே வரிகளில் சொல்லி முடித்திருந்தார்கள். முதல் வரியில் பாதி உண்மை இருக்கிறது. இரண்டாவது வரியை ஏற்க என் மனம் ஒப்பவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சென்னை லீக் ஆட்டங்களில் ஸ்கோர் எழுதியவன் நான். 2024-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் அக்டோபர் வரை, மகளின் இரண்டாவது பிரசவத்துக்குத் துணையாக நானும் என் மனைவியும் பென்சில்வேனியா மாநிலத்துப் பிட்ஸ்பர்க் நகரில் தங்கியிருந்தோம். அந்த ஆட்டத்தை நெருங்கிப் பார்க்கவும், அந்த ஊர் மக்கள் அதை எப்படி நெஞ்சில் வைத்துக் காக்கிறார்கள் என்று கேட்டறியவும் அந்த மாதங்களில் எனக்கு வாய்த்தது. அங்கே நான் தெரிந்துகொண்ட ஒரு செய்தி செய்தித்தாள் தொழிலையே நேராகத் தொடுவது என்பதால், கடிதம் நீண்டுவிட்டாலும் பொறுத்தருள வேண்டுகிறேன்.

ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பத்து வயதுப் பெரிய பேரன் "தாத்தா, நீங்களும் வாங்க, உங்களுக்கும் டிக்கெட் எடுத்தாச்சு" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். அல்லெகெனி ஆற்றின் கரையில் இருக்கிறது பி.என்.சி. பார்க் மைதானம். ஆட்ட நாளில் வாகனங்களை மறித்துவிட்டு, நடந்து போகிறவர்களுக்கு மட்டும் ஒரு பாலத்தைத் திறந்துவிடுகிறார்கள். ராபர்ட்டோ கிளமெண்டேயின் பெயரைத் தாங்கிய பாலம் அது. போர்ட்டோ ரிக்கோ தீவில் பிறந்து, பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணிக்குப் பதினெட்டுப் பருவங்கள் ஆடியவர் அவர். நிலநடுக்கத்தால் சிதைந்த நிகராகுவாவுக்கு நிவாரணப் பொருள்களை ஏற்றிக்கொண்டு 1972 டிசம்பர் 31 அன்று புறப்பட்ட விமானம் கடலில் விழுந்து உயிர் நீத்தார். மைதானத்தின் வலப்புற மதிலை அவருடைய சட்டை எண்ணை நினைவுகூரும் விதமாக 21 அடி உயரத்துக்கு எழுப்பியிருக்கிறார்கள். பாலத்தில் நடந்த கூட்டத்தில் பாதிப் பேருடைய முதுகில் அந்த 21 இருந்தது. அவர் இறந்தபோது பிறந்தே இராதவர்கள்தான் அவர்களில் பெரும்பாலோர்.

எங்களுக்கு அடுத்த இருக்கையில், எழுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் மடியில் அட்டையை வைத்துக்கொண்டு பென்சிலால் ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்தார். ஸ்கோரரின் கண் வேறு எங்கே போகும்? நான் எட்டி எட்டிப் பார்ப்பதைக் கவனித்த அவர், பையிலிருந்து இன்னோர் அட்டையையும் சீவிய பென்சிலையும் எடுத்து என்னிடம் நீட்டினார். அடுத்த இரண்டரை மணி நேரம் எனக்குப் பாடம் நடந்தது. ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை. இன்னிங்ஸ் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். கட்டத்துக்குள் சாய்சதுரமாகச் சிறிய கோலம்போல ஒரு படம். அந்தச் சதுரத்தின் நான்கு முனைகள்தாம், ஓர் ஓட்டம் எடுக்க ஆட்டக்காரர் வரிசையாகத் தொட்டு ஓட வேண்டிய நான்கு தளங்கள். ஆட்டக்காரர் எந்தத் தளம் வரை ஓடினாரோ அதுவரை கோட்டை அழுத்தி வரைய வேண்டும். முழுச் சுற்றும் ஓடி முடித்தால் சதுரத்தைக் கறுப்பாக நிரப்ப வேண்டும். களத்தில் நிற்பவர்களுக்குப் பெயர் எழுதுவதில்லை, எண்தான். பந்து எறிபவர் 1, அதைப் பிடிப்பவர் 2, முதல் மூன்று தளங்களைக் காப்பவர்கள் முறையே 3, 4, 5, இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் நடுவே நிற்பவர் 6, வெளிக்களத்தில் இடமிருந்து வலமாக 7, 8, 9. கட்டத்தில் 6-4-3 என்று எழுதியிருந்தால், நடுவில் நின்றவர் பந்தைப் பொறுக்கி இரண்டாம் தளத்துக்கு எறிந்து ஒருவரை வீழ்த்தினார், அங்கிருந்து அது முதல் தளத்துக்குப் பறந்து இன்னொருவரையும் வீழ்த்தியது என்று பொருள். மூன்று இலக்கத்துக்குள் ஒரு முழு நாடகம் அடங்கிவிடுகிறது. மூன்று ஸ்ட்ரைக்கில், அதாவது அடிக்கத் தவறிய அல்லது அடிக்கக்கூடியதாய் இருந்தும் விட்டுவிட்ட பந்துகள் மூன்றானதும், வெளியேறினால் 'கே' என்ற ஆங்கில எழுத்து; மூன்றாவது ஸ்ட்ரைக்கை மட்டையை அசைக்காமல் பார்த்துக்கொண்டே நின்று வெளியேறினால் அதே எழுத்தைத் திருப்பிப் போட வேண்டும். வெளியேறினார் என்பதோடு விடாமல், முயன்று வெளியேறினாரா முயலாமல் வெளியேறினாரா என்பதையும் எழுதி வைக்கும் முறையைக் கண்டு நான் மலைத்துப்போனேன்.

இந்த எழுத்து முறைக்கு அடித்தளம் போட்டவர் ஹென்றி சாட்விக் என்று அந்தப் பெரியவர் சொன்னார். பின்னர் நானும் படித்து உறுதிசெய்துகொண்டேன். சாட்விக் 1824-இல் இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரில் பிறந்து, சிறுவனாக அமெரிக்கா சென்றவர். நியூயார்க் பத்திரிகைகளுக்குக் கிரிக்கெட் செய்தி எழுதி வந்தவர். பேஸ்பாலைக் கண்டு மனம் பறிகொடுத்த பிறகு, கிரிக்கெட் ஸ்கோர் பட்டியலை மாற்றியமைத்துப் பேஸ்பாலுக்கான பட்டியலை உருவாக்கினார். 1869-இல் வெளிப்படையாகச் சம்பளம் கொடுத்து நடத்தப்பட்ட முதல் அணியான சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸைத் தலைமையேற்று நடத்திய ஹாரி ரைட்டும் ஷெஃபீல்டில் பிறந்த கிரிக்கெட் ஆட்டக்காரரே. அமெரிக்காவும் கனடாவும் மோதிய கிரிக்கெட் ஆட்டம் நியூயார்க்கில் நடந்தது 1844-இல். இரு நாட்டு அணிகள் மோதிய முதல் கிரிக்கெட் ஆட்டம் அதுதான் என்று நூல்கள் சொல்கின்றன. ஆகவே, பேஸ்பாலை அமெரிக்கர்களின் கிரிக்கெட் என்று சொன்னதில் பாதி உண்மை உண்டு என்றேன். மீதிப் பாதி, உள்நாட்டுப் போர்க்காலத்தில் படைவீரர்களின் முகாம்களிலும் அதன் பின் ஆலைத் தொழிலாளர் குடியிருப்புகளிலும் பரவி அந்த மண்ணின் ஆட்டமாகவே ஆகிவிட்ட கதை.

அந்த நாட்டின் பொதுவாழ்வில் இந்த ஆட்டம் எவ்வளவு ஆழம் புகுந்திருக்கிறது என்பதற்குச் சான்றுகள் பல. 1910-இல் குடியரசுத் தலைவர் டாஃப்ட் பருவத்தின் தொடக்க ஆட்டத்தில் முதல் பந்தை எறிந்தது முதல், அது குடியரசுத் தலைவர்களின் வழக்கமாகிவிட்டது. இப்போதைய தேசிய கீதம் சட்டப்படி அந்த இடத்தைப் பெற்றது 1931-இல். ஆனால் 1918-லேயே, முதல் உலகப் போரின் நடுவே, பேஸ்பால் பருவத்தின் இறுதிப் பட்டப் போட்டியான உலகத் தொடரில் அது ஒலித்தது. இரண்டாம் உலகப் போர் மூண்டபோது, ஆட்டங்களை நிறுத்திவிடலாமா என்று கேட்ட பேஸ்பால் ஆணையர் லாண்டிஸுக்கு 1942 ஜனவரியில் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் எழுதிய பதிலில், நாட்டு மக்களின் நலத்துக்கு ஆட்டம் தொடர்வதே நல்லது என்றார். அதே போர்க்காலத்தில், ஜப்பானிய வம்சாவளியினர் என்ற ஒரே காரணத்துக்காகக் குடும்பம் குடும்பமாகப் பாலைவன முகாம்களில் அடைக்கப்பட்டவர்கள், அரிசோனாவின் கிலா ரிவர் முகாமில் கெனிச்சி செனிமுரா என்பவரின் முயற்சியில் புதர்களை வெட்டித் தரையைச் சமப்படுத்தித் தங்களுக்கென ஒரு பேஸ்பால் மைதானத்தை அமைத்துக்கொண்டார்கள். நாடெங்கும் கொண்டாடப்பட்ட பேஸ்பால் ஆட்டக்காரர் ஜோ டிமாஜியோவின் தந்தை இத்தாலியிலிருந்து குடியேறிய மீனவர். குடியுரிமை பெறாதவர் என்பதால் அவர் பகைநாட்டவராகக் கருதப்பட்டு, சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவில் மீன் பிடிக்கவே தடை விதிக்கப்பட்டார். மகனைத் தோளில் தூக்கிய நாடு தந்தையைக் கரையில் நிறுத்திவைத்தது. இவை எல்லாமே பதிவில் இருக்கின்றன; பள்ளிப் பிள்ளைகள் படிக்கும்படியாகவே இருக்கின்றன.

நான் சொல்ல வந்தது இனிமேல்தான்.

பிட்ஸ்பர்க்கை அடுத்த இரும்பாலை ஊர் ஹோம்ஸ்டெட். அங்கே உருவான ஹோம்ஸ்டெட் கிரேஸும், நகரின் ஹில் பகுதியில் உருவான பிட்ஸ்பர்க் கிராஃபோர்ட்ஸும் கறுப்பினத்தவரின் அணிகள். 1880-களிலிருந்து வெள்ளை அணி உரிமையாளர்களிடையே எழுதப்படாத ஓர் உடன்பாடு இருந்தது: கறுப்பினத்தவர் எவரையும் சேர்ப்பதில்லை. சட்டப் புத்தகத்தில் அது இல்லை. அதனாலேயே அதை எதிர்த்து வழக்காடவும் வழியில்லாமல் இருந்தது. 1920-இல் ரூப் ஃபாஸ்டர் முன்னின்று நீக்ரோ நேஷனல் லீக்கைத் தொடங்கிய பிறகு கறுப்பினத்தவருக்கென்று தனி லீக்குகள் வளர்ந்தன. அவற்றின் தலைசிறந்த மட்டையாளர் ஜாஷ் கிப்ஸன். தந்தை இரும்பாலை வேலைக்காக ஜார்ஜியாவிலிருந்து குடிபெயர்ந்ததால் பிட்ஸ்பர்க்கில் வளர்ந்தவர். கிராஃபோர்ட்ஸுக்கும் கிரேஸுக்கும் ஆடியவர். அவரை வெள்ளை அணிகள் கடைசி வரை எடுத்துக்கொள்ளவில்லை. 1947 ஜனவரி 20 அன்று, 35 வயதில், பக்கவாதம் தாக்கி இறந்தார். மூன்று மாதம் நிறைவதற்குள், ஏப்ரல் 15 அன்று, ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காகக் களமிறங்கித் தடையை உடைத்தார். ராபின்சன் அணிந்த 42-ஆம் எண்ணை 1997-இல் எல்லா அணிகளும் ஓய்வு கொடுத்து ஒதுக்கிவைத்துவிட்டன. ஆண்டுதோறும் அந்த ஒரு நாள் மட்டும் எல்லா அணிகளின் எல்லா ஆட்டக்காரர்களும் 42 அணிந்து ஆடுகிறார்கள். கிப்ஸனுக்கு அப்படி ஒரு நாள் இல்லை.

நாங்கள் அங்கே இருந்தபோதுதான், 2024 மே 29 அன்று, அந்த நாட்டின் முதல்நிலைத் தொழில்முறை லீக்கான மேஜர் லீக் பேஸ்பால் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. 1920 முதல் 1948 வரையிலான ஏழு கறுப்பினத்தவர் லீக்குகளின் புள்ளிவிவரங்கள் இனித் தலைமைப் பதிவேட்டில் சேரும் என்றது அது. நூறாண்டு காலமாகப் பட்டியலின் உச்சியில் இருந்த பெயர் டை காப். மட்டை பிடித்த ஆயிரம் முறைக்கு 367 முறை பந்தை அடித்துப் பத்திரமாகத் தளம் சேர்ந்தார் என்ற அவருடைய வாழ்நாள் சராசரியை எவரும் எட்டியதில்லை. ஜாஷ் கிப்ஸனின் சராசரி ஆயிரத்துக்கு 372. இறந்து 77 ஆண்டுகள் கழித்து அவர் முதலிடத்துக்கு வந்தார். அன்று மாலை மகள் வீட்டுத் தொலைக்காட்சியில் அந்தச் செய்தி ஓடியதும், "எப்படிக் கண்டுபிடிச்சாங்க தாத்தா?" என்று பேரன் கேட்டான். எனக்கும் அதே கேள்வி. விடையைத் தேடிப் படித்தபோது கண் கலங்கிவிட்டது.

வெள்ளையர் நடத்திய பெரிய நாளேடுகள் கறுப்பினத்தவர் ஆட்டங்களைப் பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை. 1969-இல் பதிவேடுகளை ஒழுங்குபடுத்த அமைக்கப்பட்ட சிறப்புக் குழு, எந்தெந்த லீக்குகளை மேஜர் லீக்காகக் கொள்வது என்று முடிவு செய்தபோது, இவற்றை ஏற்கவில்லை. அணிகளின் சொந்தக் கணக்குப் புத்தகங்களும் பெரும்பாலும் அழிந்துவிட்டன. எஞ்சியவை பிட்ஸ்பர்க் கூரியர், சிகாகோ டிஃபெண்டர் போன்ற கறுப்பினத்தவரின் சிறு பத்திரிகைகள் வாரந்தோறும் பொடி எழுத்தில் அச்சிட்ட ஸ்கோர் பட்டியல்கள்தாம். ஆய்வாளர்கள் பல்லாண்டு காலம் நூலகங்களில் நுண்படச் சுருள்களைத் திருப்பித் திருப்பி, ஒவ்வோர் ஆட்டமாகத் தேடி எடுத்து, கூட்டிக் கழித்து, அந்த 372-ஐ வந்தடைந்தார்கள். அப்படியும் கிடைத்தது ஏறக்குறைய முக்கால் பங்குதான். கூப்பர்ஸ்டவுனில் உள்ள புகழ்மண்டபம் 1972-இல் கிப்ஸனைச் சேர்த்துக்கொண்டபோது பொறித்த பட்டயத்தில், அவர் ஏறத்தாழ 800 ஹோம் ரன் (நம் சிக்ஸர்போல மதிலைத் தாண்டும் அடி) அடித்தார் என்று இருக்கிறது. இன்று பட்டியல் வழியாக உறுதிப்பட்டவை 200-க்கும் குறைவு. மற்றவற்றை அவர் அடிக்கவில்லை என்று யார் சொல்ல முடியும்? ஊர் ஊராகப் போய் ஆடிய, லீக்கில் சேராத காட்சி ஆட்டங்கள் கணக்கில் வரவில்லை; அவற்றை அடித்தவரும் பார்த்தவர்களும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்; எழுதியவர் இல்லை. பத்திரிகையில் நான்கு வரி வந்த ஆட்டம் பிழைத்தது, வராத ஆட்டம் மாண்டது. ஒரு ஸ்கோரராக இதைவிடக் கனமான உண்மையை நான் கேட்டதில்லை.

அந்தப் பிட்ஸ்பர்க் கூரியரின் விளையாட்டுச் செய்தியாளர் வெண்டல் ஸ்மித், ராபின்சனின் பெயரை டாட்ஜர்ஸ் தலைவர் பிராஞ்ச் ரிக்கியிடம் எடுத்துச் சொன்னவர்களில் ஒருவர். 1947-இல் ராபின்சனுடன் ஊர் ஊராகச் சென்று செய்தி எழுதினார். பல மைதானங்களில் பத்திரிகையாளர் மாடத்துக்குள் அவரை விடவில்லை. தடை ஆட்டக்காரருக்கு மட்டும் இல்லை, எழுதுகிறவருக்கும் இருந்தது. எழுதுகிறவர் இல்லையென்றால் ஆடியவரும் இல்லாமல் போவார் என்பது தடை போட்டவர்களுக்குத் தெரிந்திருந்ததோ என்னவோ.

ஆகஸ்டு மாதத்தில் ஒருநாள், பென் ஹில்ஸ் வேங்கடேஸ்வரர் கோவிலுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில், அல்லெகெனி கல்லறைத் தோட்டத்துக்கு வண்டியை விடும்படி மருமகனைக் கேட்டேன். கிப்ஸனின் கல்லறை அங்கே இருக்கிறது. புல்லோடு புல்லாகத் தரையில் பதித்த சிறிய கல். 1947-இல் அடக்கம் செய்யப்பட்டவருக்கு அந்தக் கல்லும் 1975 வரை இல்லை. 28 ஆண்டுகள் அடையாளமே இல்லாமல் கிடந்திருக்கிறார். கல்லின் மேல் யாரோ வைத்துவிட்டுப் போன பந்து ஒன்று மழையில் நனைந்து, தோல் பழுத்து, சிவப்பு நூல் தையல் பிரிந்து கிடந்தது. பேரன் அதைத் தொடவில்லை. நானும் தொடவில்லை.

அமெரிக்கர்கள் இந்த வகையில் நம்மைவிட உயர்ந்தவர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. இன்றைக்கு மேஜர் லீக்கில் அமெரிக்கக் கறுப்பின ஆட்டக்காரர்கள் நூற்றுக்கு ஆறு பேர் அளவில்தான் இருக்கிறார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு முன் அதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு இருந்தார்கள். பணம் கட்டி ஊர் ஊராகப் போய் ஆடும் சிறுவர் அணிகளில் சேர்ந்தால்தான் தேர்வாளர் கண்ணில் பட முடியும் என்றாகிவிட்டதும் இதற்கு ஒரு காரணம் என்கிறார்கள். மட்டையும் கையுறையும் பயணச் செலவும் பயிற்சிக் கட்டணமும் என்று என் மகளே பேரனுக்காக ஆகும் கணக்கைச் சொன்னபோது, நம் ஊர் கிரிக்கெட் பயிற்சி மையங்களின் கட்டணம் நினைவுக்கு வந்தது. பழைய அநியாயத்தைப் பதிவேட்டில் திருத்திய நாட்டில் புதிய தடுப்பு ஒன்று சத்தமில்லாமல் எழும்பியிருக்கிறது. ஆனால் அதையும் அவர்கள் எண்ணிக்கையாக எழுதி ஆண்டுதோறும் வெளியிடுகிறார்கள் என்பதால்தான் எனக்கே அது தெரியவந்தது.

நம்மிடமும் கிப்ஸன்கள் இருந்தார்கள். பல்வங்கர் பாலூவை எத்தனை பேர் அறிவார்கள்? ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர். பூனாவில் அவருடன் ஒரே அணியில் ஆடியவர்களே தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே மண் குவளையில் கொடுத்தார்கள். 1911-ஆம் ஆண்டு இங்கிலாந்துப் பயணத்தில் நூறு விக்கெட்டுகளுக்கு மேல் வீழ்த்தினார். அந்த நூறு விக்கெட்டை இன்று எவரும் மறுக்க முடியாது என்றால், அங்கே ஆட்டந்தோறும் ஒரு ஸ்கோரர் உட்கார்ந்திருந்ததும், மறுநாள் காலை அது அச்சில் வந்ததும்தான் காரணம்.

இனி என் ஊர்க் கதைக்கு வருகிறேன். 1986-ஆம் ஆண்டு என்று நினைவு. ஐந்தாம் டிவிஷன் லீக் ஆட்டம் ஒன்றில், வியாசர்பாடியைச் சேர்ந்த பதினெட்டு வயதுப் பையன், இடக்கைச் சுழற்பந்து வீச்சாளன், 31 ஓட்டத்துக்கு எட்டு விக்கெட் எடுத்தான். காலில் கிழிந்த கேன்வாஸ் ஷூ. எட்டாவது விக்கெட் விழுந்ததும் அவன் மைதானத்தின் ஓரத்துக்கு ஓடி வந்து, "அண்ணே, சரியா எழுதிட்டீங்களா?" என்று என்னிடம் கேட்டுவிட்டுத் திரும்ப ஓடினான். மாலையில் ஆட்ட விவரத்தைத் துண்டுக் காகிதத்தில் எழுதி, பேருந்து ஏறிப் பத்திரிகை அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்நாளில் அதுதான் வழக்கம். மறுநாள் உள்பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் நான்கு வரி வந்தது.

ஐந்து ஆண்டுகள் கழித்து அவர் என் வீட்டுக் கதவைத் தட்டினார். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலைக்கு விண்ணப்பித்திருந்தார். ஆடியதற்குச் சான்று கேட்டிருந்தார்கள். அவர் ஆடிய கிளப்பில் நிர்வாகம் மாறியிருந்தது. பழைய ஸ்கோர் புத்தகங்களை எடைக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். சான்றிதழ் தர மறுத்துவிட்டார்கள். பருவம் முடிந்ததும் புத்தகத்தை கிளப்பில் ஒப்படைத்துவிடுவது முறை என்பதால் என் கையிலும் ஒன்றும் இல்லை. இருவருமாக எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் போனோம். தேதி சரியாக நினைவில்லாததால், மாதம் மாதமாகக் கட்டிவைத்த நாளிதழ்த் தொகுப்புகளை மூன்று நாள் புரட்டினோம். தாள் மஞ்சளித்து ஓரம் உதிர்ந்துகொண்டிருந்தது. மூச்சு விட்டாலே பறந்துவிடும் போலிருந்தது. மூன்றாம் நாள் பிற்பகல் அவருடைய விரல் ஒரு வரியில் நின்றது. எட்டுக்கு முப்பத்தொன்று. பெயரில் ஓர் எழுத்துப் பிழை. அந்தப் பிழைக்காக இன்னோர் அலைச்சல், உறுதிமொழிப் பத்திரம் என்று நடந்தபின் அந்த நகலை ஏற்றுக்கொண்டார்கள். வேலை கிடைத்தது. அவருடைய இரண்டு பெண்களும் இன்று பட்டதாரிகள்.

ஆசிரியர் அவர்களே, அந்த நான்கு வரிகள் இப்போது எங்கே? ஐ.பி.எல். காலத்தில் ஒரே ஆட்டத்துக்கு இரண்டு பக்கம் ஒதுக்குகிறோம். அதைக் குறை சொல்லவில்லை; நானும் மஞ்சள் சட்டைக்காரர்களின் ஆட்டத்தை விடாமல் பார்க்கிறவன். அவர்களின் உறவு அணியான டெக்சாஸ் சூப்பர் கிங்ஸ், டாலஸை அடுத்த கிராண்ட் ப்ரேரியில், முன்பு பேஸ்பால் ஆடுவதற்கென்று கட்டப்பட்டுப் பின் கிரிக்கெட்டுக்காக மாற்றியமைக்கப்பட்ட மைதானத்தில் ஆடுகிறது. 2024 ஜூன் 6 அன்று அதே மைதானத்தில் அமெரிக்கா பாகிஸ்தானை வென்றபோது நான் அந்த நாட்டில் இருந்தேன். எங்கள் குடியிருப்பில் இருந்த இந்தியக் குடும்பங்களைத் தவிர வேறு எவருக்கும் அது செய்தியாகவே இல்லை. ஒரு சமூகம் எதை எழுதி வைக்கிறதோ அதுதான் அதற்கு ஆட்டம் என்று அன்று தோன்றியது.

ஊர் திரும்புவதற்குச் சில நாள் முன்பு, அக்டோபர் 13 அன்று, மருமகன் என்னை ஓக்லண்ட் பகுதிக்கு அழைத்துப் போனார். ஃபோர்ப்ஸ் ஃபீல்டு என்ற பழைய மைதானம் 1970-இல் மூடப்பட்டுவிட்டது. அதன் செங்கல் மதிலில் ஒரு பகுதியை மட்டும் இடிக்காமல் கொடிபடர விட்டு வைத்திருக்கிறார்கள். 1960-ஆம் ஆண்டு அதே நாளில், உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸில், பைரேட்ஸின் பில் மாசெராஸ்கி அடித்த ஹோம் ரன்னில் நியூயார்க் யாங்கீஸ் 10-க்கு 9 என்று தோற்றது. ஆண்டுதோறும் அந்த நாளில் மக்கள் மதிலடியில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, அன்றைய வானொலி வர்ணனையின் ஒலிப்பதிவை முதலிலிருந்து கேட்கிறார்கள். பகல் ஒரு மணிக்குத் தொடங்கினால், மாசெராஸ்கி அடித்த அதே 3 மணி 36 நிமிடத்துக்கு அந்தக் கட்டம் வரும். முடிவு எல்லாருக்கும் தெரியும். இருந்தும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். ஒரு மூதாட்டி மடியில் புதிய அட்டையை வைத்து, வர்ணனையைக் கேட்டபடியே ஆட்டம் முழுவதையும் ஸ்கோர் எழுதினார். அந்த ஆட்டத்தில் மூன்று ஸ்ட்ரைக்கில் ஒருவர்கூட வெளியேறவில்லை. அவருடைய அட்டையில் ஒரு 'கே' கூட இல்லை என்பதை நானே பார்த்தேன்.

சேப்பாக்கத்தில் 1986 செப்டம்பர் 22 அன்று, இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் மோதிய டெஸ்ட் ஆட்டம், கடைசி ஓவரின் ஐந்தாவது பந்தில் மணிந்தர் சிங் அவுட்டாகி, இரு அணிகளின் மொத்த ஓட்டமும் சமமாகி 'டை' என்று முடிந்தது. டெஸ்ட் வரலாற்றில் அப்படி முடிந்தவை இரண்டே இரண்டு. அந்த நாளில் வாலாஜா சாலை ஓரத்தில் நாற்காலி போட்டு உட்காருகிறவர் எவரும் இல்லை. சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் போன்றவர்கள் சென்னை வானொலியில் தமிழில் வர்ணனை செய்த காலத்தை நினைத்துப் பேசுகிறவர்கள் என் வயதுக்காரர்கள் மட்டுமே. இப்படி ஒரு கூடுகைக்குத் தங்கள் நாளிதழ் முன்கை எடுத்தால், நாற்காலி தூக்க முதல் ஆளாக நான் வருவேன்.

ஆனால் அதற்கும் முன்னால் நான் கேட்பது மிகச் சிறியது. வாரத்துக்கு ஒருநாளாவது, உள்பக்கத்தின் அடியில், நகர லீக்கின் கீழ் டிவிஷன்கள், பள்ளி ஆட்டங்கள், பெண்கள் ஆட்டங்கள் ஆகியவற்றின் ஸ்கோர் பட்டியலை முழுப் பெயர்களோடு அச்சிடுங்கள். கிரிக்கெட் மட்டும் என்று சொல்லவில்லை. நம் மாநிலத்துப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பேஸ்பாலும் சாஃப்ட்பாலும் ஆடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், கபடியும் பூப்பந்தும் ஆடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். இடம் இல்லை என்றால் எழுத்தைப் பொடியாக்குங்கள். பூதக்கண்ணாடி வைத்துப் படித்துக்கொள்வோம். இணையப் பதிப்பில் போட்டால் போதாதா என்று தங்கள் அலுவலகத்தில் யாரேனும் கேட்கக்கூடும். போடுங்கள், ஆனால் தாளிலும் போடுங்கள்; ஐந்து ஆண்டு கழித்துத் திறக்காமல் போன இணையப் பக்கங்களை நான் பார்த்திருக்கிறேன். உதிர்ந்துகொண்டிருந்த அந்தத் தாள் மட்டும் கன்னிமாராவில் எங்களுக்காகக் காத்திருந்தது.

சென்ற ஞாயிற்றுக்கிழமை பெரம்பூரில், எங்கள் பகுதிப் பள்ளி மாணவியர் இரண்டு அணியாகப் பிரிந்து ஆடிய இருபது ஓவர் கிரிக்கெட் ஆட்டத்துக்கு நான் ஸ்கோர் எழுதினேன். அதன் நகலை இந்தக் கடிதத்துடன் இணைத்திருக்கிறேன். பதினோராவதாக இறங்கி ஆட்டமிழக்காமல் நான்கு ஓட்டம் எடுத்த சிறுமியின் பெயர் என் கையெழுத்தில் தெளிவாக இல்லை. அதனால் திங்கட்கிழமை மாலை அவள் வீட்டுக்கே போய், அவளையே எழுதித் தரச் சொல்லி வாங்கி, அந்தத் தாளையும் சேர்த்து வைத்திருக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற ஸ்கோரர் ஒருவர்,
பெரம்பூர், சென்னை